வேலைக்கு வந்த மூணாவது வாரம், காணாம போன சைட்டு

இந்த நாட்டுக்கு வந்து ஆபீஸ்ல சேர்ந்த மூணாவது வாரம், சர்வேயர் அனுப்புன டிடபிள்யூஜி ஃபைலை (ஆட்டோகேட்ங்கிற வரைபட சாஃப்ட்வேரோட ஃபைல்), கட்டடத்த மாடலா செய்யற ரெவிட்ங்கிற சாஃப்ட்வேர்ல லிங்க் பண்ணி வைங்கன்னு சொன்னாங்க. பத்து நிமிஷ வேலை. லிங்க் பண்றேன், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல, ட்ராயிங்கோட எல்லை 20 மைலைத் தாண்டுதுன்னு ஒரு எச்சரிக்கை மட்டும் வருது. சைட்டே, அதாவது அந்த நிலமே, 40 மீட்டர்தான், 20 மைல் எங்க இருந்து வந்துச்சு?

பக்கத்து சீட்ல கேட்டிருக்கலாம். ஆனா அப்போ நான் ஒரு வரி இங்கிலீஷ் பேசணும்னா கூட மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் வாயத் திறப்பேன், அதுவும் ஏழு வருஷம் ஆட்டோகேட்ல வேலை பாத்தவன்னு சொல்லி சேர்ந்துட்டு இதப் போய் கேக்கறதான்னு சாயங்காலம் வரைக்கும் தனியாவே உக்காந்துட்டேன். அந்த நாலு மணி நேரத்த நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

முதல்ல யூனிட்ட சந்தேகப்பட்டேன். முன்னாடி நான் வரைஞ்சதெல்லாம் அடி இஞ்ச், ஒரு யூனிட்னா ஒரு இஞ்ச், 10 அடி ரூம்னா 120. இங்க கட்டடம் மில்லிமீட்டர்ல, சர்வே மீட்டர்ல. ஃபைலுக்குள்ள யூனிட் குறிக்காம விட்டிருந்தா 40 மீட்டர் சுவர் 40 மில்லிமீட்டரா வந்து ஒரு புள்ளி மாதிரி கிடக்கும். இதுக்கு ஒரு வழி, நீளம் தெரிஞ்ச ஒரே ஒரு கோட்டை அளந்து, உண்மையான நீளத்தையும் அளந்து வந்ததையும் ஒரே யூனிட்ல வச்சு பெரியத சின்னதால வகுத்துப் பாருங்க, 1000 வந்தா மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் குழப்பம், 25.4 வந்தா இஞ்ச், 304.8 வந்தா அடி. லிங்க் பண்ற இடத்துல தானா கண்டுபிடிக்கற ஆட்டோ டிடெக்ட நம்பாம யூனிட்ட நாமளே குடுத்துடறது நல்லது.

மீட்டர்னு குடுத்தேன், அப்பவும் அதே எச்சரிக்கை. ஃபைலை ஆட்டோகேட்ல திறந்தா சைட் அழகா முழுசா தெரியுது. வேற என்ன பண்றதுன்னு தெரியாம ஃப்ரீஸ்ல, அதாவது மறைச்சு வச்சிருந்த லேயரை (ட்ராயிங்கோட அடுக்குகளை) எல்லாம் திறந்து விட்டுட்டு, ட்ராயிங் மொத்தத்தையும் ஸ்க்ரீனுக்குள்ள காட்டற ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அடிச்சேன், சைட் சுருங்கி வலது பக்கம் ஒரு புள்ளி ஆயிடுச்சு, இடது மூலையில இன்னொரு புள்ளி. அத ஜூம் பண்ணிக்கிட்டே போறேன் போறேன், கடைசியில ட்ராயிங்கோட தொடக்கப்புள்ளியான 0,0ல சரியா ஒரு சின்ன வடக்கு அம்புக்குறி! சர்வேயர் நாட்டோட கிரிட்ல, அதாவது நாடு முழுக்க ஒரே புள்ளியில இருந்து அளக்கற கட்டத்துல வரைஞ்சிருக்கார், கிழக்கால 5 லட்சம் மீட்டருக்கு மேல. அம்பு ஒரு பக்கம், சைட் 500 கிலோமீட்டர் தள்ளி. ஃப்ரீஸ்ல இருந்ததால அம்பு ஆட்டோகேட்ல கண்ணுக்குத் தெரியல, ரெவிட்ல லிங்க் பண்றப்போ எல்லா லேயரும்னு இருந்ததால சேர்ந்து வந்துடுச்சு.

அம்ப அழிச்சேன், தேவையில்லாதத நீக்கற பர்ஜும் பிழை திருத்தற ஆடிட்டும் ஓட்டி சேவ் பண்ணி, மறுபடியும் சென்டர் டு சென்டர்ல (ரெண்டோட நடுவும் பொருந்தற மாதிரி) லிங்க் பண்ணதும் சைட் வந்து நின்னுச்சு. அப்புறமா அந்த லிங்க்ல இருந்தே இட எண்ண எடுத்துக்கற அக்வையர் கோஆர்டினேட்ஸ் குடுத்தா கிரிட் எண்ணும் சரியா வந்துடும், மாடலைத் தூக்கிட்டுப் போய் அவ்வளவு தூரத்துல வைக்கக் கூடாது, வச்சா கோடெல்லாம் நடுங்கும், ஹேட்ச் (பரப்ப நிரப்பற கோடுகள்) உடையும். ட்ராயிங்க துண்டு துண்டா பிரிக்கற எக்ஸ்ப்ளோட் பண்ணலாமேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, 10,000 துண்டுக்கு மேல போனா அது நடக்காது, நடந்தாலும் தேவையில்லாத லைன் ஸ்டைல் எல்லாம் ப்ராஜெக்ட்ல ஒட்டிக்கும்.

மறுநாள் சர்வேயருக்கு நானே போன் பண்ணேன். இங்க வந்து வேலை விஷயமா நான் பேசுன முதல் போன் அதுதான், சொல்ல வேண்டியத பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு பேசுனேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, “அது எங்க டெம்ப்ளேட்லயே இருக்கு, இதுவரைக்கும் யாரும் சொல்லல, நல்ல வேளை நீங்க சொன்னீங்க”ன்னார். எழுதி வச்சதுல பாதிய நான் பாக்கவே இல்ல.

அடுத்த சைட்டுக்கு அவர் அனுப்புன ஃபைல்ல எல்லா லேயரையும் திறந்து பாத்தேன். அம்பு இல்ல, டைட்டில் ப்ளாக் பக்கத்துல ‘யூனிட் மீட்டர்’னு புதுசா ஒரு வரி இருந்துச்சு.