வாடகை பாக்கி வழக்கு

வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கார அம்மா போட்ட வழக்கு இப்போது வாடகை நீதிமன்றத்தில் இருக்கிறது. என் கணவருக்கு வேலை போனதிலிருந்து வாடகை பாக்கி. மறைக்க ஒன்றுமில்லை.

வக்கீலம்மா முதலில் கேட்டது ரசீதைத்தான். எப்போதும் கையில் கொடுத்துதான் பழக்கம். நல்லவேளை, என் மாமியார் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதியும் தொகையும் எழுதி, ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். கசங்கிப்போன அந்தத் தாள்கள்தான் இன்று எங்கள் ஆதாரம்.

தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. எங்களுக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரம், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாடகை அவர்களுக்குச் சேர வேண்டிய பணம், அதை நம்பித்தான் அவர்கள் குடும்பமும் ஓடுகிறது. அதெல்லாம் சரி. குழந்தை முகம் கழுவும் தண்ணீரில் கை வைக்கலாமா?

அடுத்த வாய்தாவுக்குள் வளையலை அடகு வைத்துப் பாதியாவது கட்டிவிடுவோம்.

இதே நிலையில் இருக்கும் அக்கா தங்கைகளே, வக்கீல் வைக்க வசதி இல்லையென்று நீதிமன்றம் போகாமல் இருந்துவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, வக்கீல் இலவசம். எனக்கு வக்கீலம்மா கிடைத்ததும் அங்கேதான்.