தடைக்காலத்தில் ஒரு சொல் நோட்டு

மே 4, பாம்பன்
மீன்பிடித் தடைக்காலம் இன்னும் பாதிகூட ஆகவில்லை. அப்பா திண்ணையில் வலை தைக்கிறார். நான் கடல்புல் பற்றிய ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டுகிறேன். கடலுயிர்ப் பெயர்கள் சிரமமில்லை. இடையிடையே வரும் அஸ்யூம், டிரைவ் (derive), இண்டிகேட்தான் காலை வாருகின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்தத் திணறல் தெரியும்.

மே 5
சீனியர் அக்கா ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ அனுப்பினார், கல்வி நூல்களில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-இல் வெளியானது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு புலங்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாடங்களைத் திரட்டி, அன்றாடச் சொற்களை விட்டுவிட்டு, அதில் பரவலாக வருபவற்றை 570 சொற்குடும்பங்களாக்கியிருக்கிறார் (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). இந்த மாதிரி நூல்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒரு சொல் இவற்றில் ஒன்றாம். நான் தடுக்கி விழுந்த மூன்றும், மிக அடிக்கடி வருபவை உள்ள முதல் பிரிவிலேயே இருக்கின்றன.

மே 9
நாளுக்கு 20 வீதம் மனப்பாடம் செய்தேன். இன்று கட்டுரையை எடுத்தால் எல்லாம் எங்கோ பார்த்த முகம், பொருள் வரவில்லை. சரி, இனி கட்டுரையில் எதிர்ப்படும் சொல் மட்டும், அது வந்த வாக்கியத்தோடு நோட்டில்.

மே 17
அஸ்யூம் பிடிபட்டது! அகராதி ‘ஊகி’ என்றதால் இத்தனை நாள் குழப்பம். நம் கணக்குப் புத்தகத்தில் ‘எனக் கொள்க’ என்று வருமே, அதேதான். மேலே நகர்வதற்காக ஒன்றை ஒப்புக்கொள்வது. பத்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்த சொல் இது.

மே 29
‘சிக்னிஃபிகண்ட்’ குறைவு என்றிருந்ததை ‘கடல்புல் பெருமளவு குறைந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி சிவப்பில் வட்டமிட்டுவிட்டார். புள்ளியியலில் அது அளவைச் சொல்வதில்லை. மாற்றமே இல்லை எனக் கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் 0.05-க்குக் கீழே, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சின்னக் குறைவுகூட சிக்னிஃபிகண்ட் ஆகலாம். இங்கேயும் ‘எனக் கொண்டால்’ வந்து நிற்கிறது!

ஜூன் 14
நள்ளிரவோடு தடை முடிகிறது. படகில் ஐஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா நோட்டை எட்டிப் பார்த்தார். எஸ்டிமேட் என்றேன்.

“குத்துமதிப்பா?”

“இல்லப்பா. எப்படிக் கணக்குப் போட்டோம், எவ்வளவு கூடக் குறைய இருக்கும்னு சேர்த்துச் சொல்றது.”

“அதான் நாங்க கடல்ல ஆழம் சொல்றது. ஆறு பாகம், அரைப் பாகம் கூடக் குறைய.” (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்.)

எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் அதையே எழுதிக்கொண்டேன்.