அம்மாவின் பாதப் புண் ஆறிய கதை

‘சர்க்கரை நோயாளிக்குப் புண் வந்தால் ஆறாது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்கு ஆறியது. ஆற வைத்தது புது மருந்தல்ல, மாவுக்கட்டு.

வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் மேட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். மாதக்கணக்கில் களிம்பும் மாத்திரையும் மாறின, புண் அசையவில்லை. வலியே இல்லாததால் அம்மா அதே காலை ஊன்றிச் சமைத்தார், கடைக்குப் போனார், கோலமும் போட்டார்.

பாத சிகிச்சைக்கென்றே இருக்கும் மருத்துவரிடம் போனபோதுதான் காரணம் புரிந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘படுகிறதா’ என்று சொல்லச் சொன்னார். விரல் நுனிகளில் தொட்டபோது அம்மாவிடமிருந்து பதிலே வரவில்லை. நரம்பு மரத்துவிட்டதால், ஒரே இடத்தில் பாரம் விழுவது தெரியாமல் நடந்திருக்கிறார். அங்கே தோல் காய்த்துத் தடித்து, அந்தத் தடிப்பே அழுத்தி, உள்சதை செத்திருக்கிறது.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பொருள். அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். (சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் கெட்டித்துப்போனால் இந்த அளவு ஏமாற்றவும் செய்யும் என்பதால், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனையும் செய்தார்.) ஓட்டம் நன்றாக இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்குச் சீழ் பரவவில்லை.

பிறகு கத்தியால் தடித்த தோலைச் சீவினார். மஞ்சளும் வெள்ளையுமாக ஏடு ஏடாக உரிந்து விழுந்தது. மரத்துப்போக ஊசிகூடப் போடவில்லை. அம்மா பேசிக்கொண்டே இருந்தார். சீவி முடித்ததும் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரிய, பதறிவிட்டேன். அடியில் மறைந்திருந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது என்றார் மருத்துவர்.

அதன்மேல் முழங்காலுக்குக் கீழிருந்து விரல்கள் வரை மாவுக்கட்டு. பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பாதம் முழுவதற்கும் காலுக்கும் பரவுகிறது. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களில் இதைச் செய்துகாட்டியவர். பின்னர் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே கொண்டுசென்றார். நம் ஊரில் வேரூன்றிய சிகிச்சை இத்தனை பேருக்குத் தெரியாமல் கிடக்கிறதே என்று மனம் ஆறவில்லை.

முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றினார்கள். வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்து உரசும். பிறகு வாராவாரம். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் உடனே வர வேண்டும் என்பது கண்டிப்பு. ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் ஆழமான சீழ் உள்ளவர்களுக்கும் இந்தக் கட்டு ஆகாது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புண்ணின் ஓரம் உள்நோக்கிச் சுருங்கியிருந்தது. இன்சுலின் அளவைக் கூட்டிச் சர்க்கரையையும் இறக்கினார்கள்.

ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வருகிறது. அதனால் அம்மாவுக்கு இப்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்புதான். தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் நானே பார்க்கிறேன். தோல் தடித்தால் வீட்டில் பிளேடு வைப்பதில்லை, காலாணி பிளாஸ்திரி ஒட்டுவதில்லை. மருத்துவரிடமே போய்ச் சீவிக்கொண்டு வருகிறோம்.