கற்றூணின் சத்தம்

செபமாலையில் “இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதை தியானிப்போமாக” என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அந்த அடியின் சத்தத்தை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில், எப்ரோ ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருக்கும் சான் விசென்தே தே லா சோன்சியெர்ரா என்ற சிற்றூரில், பெரிய வியாழன் இரவு அதைக் கேட்டேன்.

சுரூபங்கள் ஊர்வலமாக வருகின்றன. கூடவே தவம் செய்பவர்கள்: வெள்ளை அங்கி, முகத்தை முழுக்க மூடிய துணி, வெறுங்கால். அவர்களில் ஒருவர் வந்து முழந்தாளிட்டுச் செபிக்கிறார். துணைக்கு வந்தவர் மேலங்கியை எடுத்துவிட்டு, முதுகுப் பக்கத் திறப்பை விரித்துவிடுகிறார். அப்புறம் தவம் செய்பவர் தடித்த நூல் சாட்டையை இரு கையாலும் பிடித்து, இடது தோள், வலது தோள் என்று மாறி மாறித் தானே அடித்துக்கொள்கிறார். ஈரத்துணியைத் துவைகல்லில் அடிக்கிற சத்தம். ஏறக்குறைய 20 நிமிடம். முதுகு சிவந்து, கன்றி, வீங்குவதை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். எப்போது நிறுத்துவது என்று துணைவர்தான் சொல்கிறார். பிறகு, கண்ணாடிச் சில்லுகள் பதித்த மெழுகு உருண்டையால், கட்டிய இரத்தம் வடியும்படி இடுப்புக்குச் சற்று மேலே குத்துகிறார்கள். 12 குத்து, 12 அப்போஸ்தலர் கணக்கு. இவர்களுக்கு ‘பிக்காவோஸ்’, குத்துப்பட்டவர்கள், என்ற பெயர் அதனால்தான்.

1260-ல் இத்தாலியின் பெருஜியாவில் கிளம்பிய கசையடி ஊர்வலம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. கொள்ளைநோய்க் காலத்தில், 1349-ல், திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அதைக் கண்டித்தார். ஸ்பெயினில் 1777-ல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் தடை போட்டார். இந்த ஊர் விடவில்லை.

இன்னொரு சந்தேகமும் கூடவே வந்திருக்கிறது. சாட்டையடி காமத்தைத் தூண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் தனி நூல் எழுதினார். 1700-ல் பிரெஞ்சு குருவானவர் ஜாக் புவாலோ, குறிப்பாக இடுப்புக்குக் கீழே அடித்துக்கொள்ளும் பழக்கம் மோகத்துக்குத்தான் வழி என்று கடுமையாக எழுதினார். அவர் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வலிக்கும் ஆசைக்கும் உடம்பு ஒன்றுதானே. ஆனால் இங்கே அதற்கு இடமே வைக்கவில்லை என்று தோன்றியது. பங்குக் குருவின் சான்று இல்லாமல் இதைச் செய்ய முடியாது. முகம் தெரியாது, பெயர் சொல்லமாட்டார்கள். என்ன நேர்த்திக்கடன், யாருடைய நோய்க்காக, எந்தப் பாவத்துக்காக? யாரும் கேட்பதில்லை. தவம் செய்தேன் என்று நாளைக்கு அவர் கடைத்தெருவில் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

குத்தி முடித்ததும் துணைவர் மேலங்கியைப் போர்த்திவிட்டு, அவர் தோளைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனார். ரோஸ்மேரி இலை போட்ட தண்ணீரால் காயத்தைக் கழுவுவார்களாம். கல் பாவிய தெருவில் அவருடைய வெறும் பாதங்கள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்த செபமாலையை எடுத்தேன். அந்த ஒரு பத்து மணியைச் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.