உப்பு இருந்தால் போதும்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் துழாவியதில் பழைய பிலிப்பைன்ஸ் டிவி பேய் ஸ்பெஷல் ஒன்று சிக்கியது. 'மகன்டாங் காபி, பாயன்' என்ற நிகழ்ச்சி. நவம்பர் 1, அங்கே எல்லாரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் நாள். அதையொட்டி இந்தப் பேய்க் கதைகள். தொகுப்பாளர் நோலி டி காஸ்ட்ரோ, செய்தி வாசிக்கும் அதே கனத்த குரலில் பேயையும் வாசிக்கிறார். மனுஷர் 2004-இல் துணை அதிபரே ஆகிவிட்டார்!

கேசான் சிட்டியின் பலெட்டே சாலையில் டாக்ஸிக்காரர்கள் கண்ணில் படும் வெள்ளை உடைப் பெண், மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் கப்ரே என்ற ராட்சதப் பூதம் எல்லாம் சரி, தாங்கிக்கொள்ளலாம். மனனாங்கல் என்ற பேய்தான் ஆளை உலுக்கிவிடும். இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி மட்டும் சிறகு விரித்துப் பறக்கும். கீழ்பாதி இருந்த இடத்திலேயே, இரண்டு காலோடு, சும்மா நிற்கும். அதன் மேல் உப்பைத் தூவிவிட்டால் மறுபடி ஒட்ட முடியாதாம், விடிந்ததும் கதை முடிந்தது.

அப்புறம் தண்ணீர் குடிக்கப் போனேன். வழியில் இருட்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் புற்றைத் தாண்டும்போது அதில் குடியிருக்கும் ஆவியிடம் சொல்லும் 'தாபி தாபி போ', அதாவது 'கொஞ்சம் வழி விடுங்க', என் வாயிலும் வந்துவிட்டது. திரும்பி வரும்போது கையில் உப்பு ஜாடி.