கவுன்சில் முடிவு மினிஸ்டர் கைக்குப் போகும்போது: இங்கிலாந்தில் கால்-இன் கேட்கப் போகிறவர்களுக்கு

ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் நம்மவர்கள் பலர் கவுன்சில் வீட்டுப் பட்டியலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் 200 ஃபிளாட்டுடன் ஒரு கட்டடம் வருகிறது, அதில் குறைந்த வாடகைக்கு 40தான் என்று தெரிந்ததும் "மினிஸ்டருக்கு எழுதுவோம்" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். எழுதலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இந்த நடைமுறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்த எங்களுக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான கடிதங்கள் தவறான நாளில், தவறான காரணத்தோடு போய்ச் சேர்கின்றன.

முதலில் நாள் கணக்கு. இங்கிலாந்தில் கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டால் அயலவருக்கு அப்பீல் உரிமை கிடையாது. அந்த உரிமை விண்ணப்பித்தவருக்கு மட்டுமே. நமக்கு இருப்பது 1990ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 77ஆம் பிரிவு. அதன்படி, வீட்டுவசதிக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான மினிஸ்டர் விண்ணப்பத்தைக் கவுன்சிலிடமிருந்து எடுத்துத் தானே முடிவு செய்யலாம். இதைத்தான் கால்-இன் என்கிறார்கள். கவுன்சிலின் பிளானிங் கமிட்டியில் கை தூக்கி ஒப்புதல் கொடுத்த அன்றே அனுமதி வந்துவிட்டதாக நினைத்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் முடிவுக் கடிதம் வெளியாகும்வரை அனுமதி இல்லை. பெரிய திட்டங்களில் செக்‌ஷன் 106 ஒப்பந்தம் (குறைந்த வாடகை வீடுகள் போன்றவற்றைத் தருவதாகக் கட்டுநர் கவுன்சிலோடு எழுதிக்கொள்வது) கையெழுத்தாக வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் காலம். முடிவுக் கடிதம் வெளியான மறுநாள் எழுதினால் அந்தக் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே கமிட்டி முடிந்த மறுநாளே விண்ணப்பத்தைக் கையாளும் கவுன்சில் அதிகாரியான கேஸ் ஆஃபிசரிடம் 106 எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

லண்டனில் இன்னொரு படியும் உண்டு. 150க்கு மேல் வீடுகள் உள்ள விண்ணப்பம் லண்டன் மேயரிடம் போகும். கமிட்டிக்குப் பிறகு திரும்ப அவரிடம் போகும்போது 14 நாள் அவகாசம். கவுன்சில் முடிவை விட்டுவிடலாம், நிராகரிக்கச் சொல்லலாம், தானே எடுத்துக்கொள்ளலாம். அந்த 14 நாளுக்குள் மேயர் அலுவலகத்துக்கும் எழுதிவிடுங்கள்.

மினிஸ்டருக்கான கடிதம் இந்தக் கோரிக்கைகளை மினிஸ்டர் சார்பில் பார்க்கும், பர்மிங்ஹாமில் உள்ள பிளானிங் கேஸ்வொர்க் யூனிட்டுக்கு ஈமெயிலில் போக வேண்டும். விண்ணப்ப எண், முகவரி, கமிட்டி தேதி ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். கவுன்சில் அவசரப்படும் என்று தோன்றினால், திட்டமிடல் நடைமுறை விதிகளின் ஆர்ட்டிகிள் 31இன் கீழ் அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்கும் உத்தரவையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

"கவுன்சில் தவறு செய்துவிட்டது" என்பது கால்-இன்னுக்குக் காரணமாகாது. 2012 அக்டோபரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை சொல்லும் அளவுகோல் வேறு: விஷயம் அந்த ஊரோடு நிற்காமல் அதைத் தாண்டிய முக்கியத்துவம் உடையதா? தேசியக் கொள்கையோடு மோதுகிறதா, ஒரு கவுன்சில் எல்லையைத் தாண்டி வீட்டுத் தேவையைப் பாதிக்கிறதா, எல்லை கடந்த பெரிய சர்ச்சை உண்டா என்று பார்ப்பார்கள். நிழல் விழுகிறது, கார் நிறுத்த இடமில்லை என்பவை கமிட்டிக்கான வாதங்கள். இரண்டு பக்கத்துக்குள், அந்த அளவுகோலின் சொற்களையே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரப் பக்க எண்ணோடு எழுதினால் படிக்கப்படும். ஒரே வாசகத்தில் 300 பேர் அனுப்பும் கடிதத்தைவிட இது மேல். இத்தனை செய்தாலும், ஓராண்டில் எடுத்துக்கொள்ளப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

கேட்பதற்கு முன் ஒன்றை நிதானமாக யோசியுங்கள். எடுத்துக்கொண்டால் பொது விசாரணை, அறிக்கை, முடிவு என்று ஓராண்டும் அதற்கு மேலும் போகலாம். மினிஸ்டர் நிராகரித்தால் அந்த 40 வீடும் கிடையாது. திட்டம் முழுவதுமே வேண்டாமா, அதில் கூடுதல் வீடு வேண்டுமா என்று உங்கள் குழு முன்பே முடிவு செய்யாவிட்டால், விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

இனி கணக்கு. எங்கள் பார்வையில் வெற்றி தோல்வி இங்கேதான். "20 சதவீதம்" என்றால் எதில் 20 என்று கேளுங்கள். 200 ஃபிளாட்டில் 40 என்பது எண்ணிக்கையில் 20 சதவீதம். மேயரின் திட்டமிடல் கொள்கை ஆவணமான லண்டன் பிளான், வசிக்கும் அறைகளின் கணக்கில் அளக்கிறது. அந்த 40ம் நான்கு அறை உள்ள குடும்ப வீடுகள் என்றால் 160 அறை. மற்ற 160 ஃபிளாட்டும் சராசரி இரண்டரை அறை என்றால் 400. மொத்தம் 560இல் 160, அதாவது 28 சதவீதத்துக்கு மேல். அந்த 40ம் சின்ன ஃபிளாட்டாக இருந்தால் இதே கணக்கு கீழே இறங்கும். எதிர்த்தரப்பு ஒரு பக்கத்தில் எண்ணிக்கையையும் இன்னொரு பக்கத்தில் அறைக் கணக்கையும் போடும்போது, இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்தது வயபிலிட்டி அறிக்கை. "இதற்கு மேல் வீடு கொடுத்தால் கட்டுப்படியாகாது" என்று சொல்லும் ஆவணம் அது. 2018க்குப் பிறகு பொதுவாக இது வெளியிடப்பட வேண்டியது. தளத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது நிலத்தின் விலை: இப்போதைய பயன்பாட்டு மதிப்பும் அதன் மேல் ஒரு நியாயமான ஊக்கத் தொகையும்தான் அடிப்படை. நிலத்தை அதிக விலைக்கு வாங்கினோம் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. இரண்டாவது லாபம்: மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் வழிகாட்டி வரம்பு. விற்பனை 100 மில்லியன் பவுண் என்றால் 20க்குப் பதில் 17.5 எடுத்தால் 2.5 மில்லியன் மிச்சம். குறைந்த வாடகை வீடுகளுக்கும் அதே லாப வீதத்தைப் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அவற்றில் விற்பனை அபாயம் குறைவு, அதனால் 6 சதவீதம் அளவில்தான் வழக்கமாக எடுப்பார்கள். மூன்றாவது விற்பனை விலை எந்த மாதத்துக் கணக்கு என்பது.

விசாரணை அறிவிப்பு வந்தவுடன் ரூல் 6 அந்தஸ்துக்கு, அதாவது விசாரணையில் ஒரு முழுத் தரப்பாகக் கலந்துகொள்ளும் நிலைக்கு, விண்ணப்பியுங்கள். அது இருந்தால்தான் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை முறைப்படி உங்களுக்கு வரும். இல்லாவிட்டாலும் விசாரணையை நடத்தும் இன்ஸ்பெக்டர் அயலவரைப் பேச விடுவார், ஆனால் அது வேறு. உங்கள் தரப்பு அறிக்கை குறித்த கெடுவுக்குள் போக வேண்டும். சாட்சி அறிக்கை பொதுவாக விசாரணைக்கு நான்கு வாரம் முன் போக வேண்டும், 1,500 சொல்லைத் தாண்டினால் சுருக்கம் கட்டாயம். கவுன்சில் சொல்லும் வாதத்தையே திரும்பச் சொல்லாதீர்கள். வயபிலிட்டி, வாடகை வகை என்று ஒன்றிரண்டை மட்டும் பிடியுங்கள்.

106 வரைவை வரிவரியாகப் படியுங்கள். "அஃபோர்டபிள்" என்று மட்டும் இருந்தால் சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை போகலாம். அதைவிடக் குறைந்த வாடகையான சோஷியல் ரென்ட் என்று எழுதியிருக்க வேண்டும். சந்தை வீடுகளில் எத்தனை குடியேறுவதற்குள் இவற்றை ஒப்படைக்க வேண்டும் என்ற வரி, சர்வீஸ் சார்ஜுக்கு உச்சவரம்பு, பிந்தைய மறுஆய்வு (விற்பனை பெரும்பாலும் முடிந்தபின் வயபிலிட்டியை மீண்டும் கணக்கிடுவது) ஆகியவை இல்லாத ஒப்பந்தம் பயனற்றது. லண்டன் பிளானில் பிந்தைய மறுஆய்வு 75 சதவீத வீடுகள் விற்கப்படும்போதோ வாடகைக்குப் போகும்போதோ நடக்கும்.

இன்ஸ்பெக்டர் சொல்வதை மினிஸ்டர் கேட்டாக வேண்டியதில்லை. டவர் ஹாம்லெட்ஸில் வெஸ்ட்ஃபெர்ரி அச்சக நிலத்தில் 1,524 வீட்டுத் திட்டம் அப்பீல் வழியாக மினிஸ்டரிடம் போனது. குறைந்த வாடகை, பகுதி உடைமை வீடுகள் 21 சதவீதம்தான். நிராகரிக்கும்படி இன்ஸ்பெக்டர் பரிந்துரைத்தும், 2020 ஜனவரி 14 அன்று அப்போதைய மினிஸ்டர் ராபர்ட் ஜென்ரிக் அனுமதி கொடுத்தார். கட்டுநர்கள் மீதான கவுன்சிலின் புதிய கட்டணம் வருவதற்குச் சற்று முந்திய அந்த நாளால், கட்டுநருக்கு 30 முதல் 50 மில்லியன் பவுண் மிச்சமாகியிருக்கும். கவுன்சில் நீதிமன்றம் போனது. பக்கச்சார்பு இருந்ததாகத் தோன்றக்கூடும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, மே மாதம் அனுமதி ரத்தானது. மறுபரிசீலனையில் 2021 நவம்பரில் நிராகரிக்கப்பட்டது.

அப்படி நீதிமன்றம் போவதற்கான கெடு, அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 288ஆம் பிரிவின்படி ஆறு வாரம். ஒரு நாள் தவறினாலும் நீட்டிப்பு இல்லை. முடிவின் நல்லது கெட்டதை நீதிபதி பார்க்கமாட்டார், சட்டப்பிழையை மட்டும் பார்ப்பார். சுற்றுச்சூழல் வழக்கு என்று ஏற்கப்பட்டால், தோற்றாலும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய செலவுக்கு வழக்கமான உச்சவரம்பு தனிநபருக்கு 5,000 பவுண், அமைப்புக்கு 10,000. வக்கீலைத் தேடுவதை முடிவுக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் ஆறு வாரம் போதாது. விசாரணை நடக்கும் வாரத்திலேயே ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.