ஒரு தலையசைப்பு

"அப்போ இவரைத் தனியா விட்டுட்டு நான் வேலைக்குப் போகலாமா, மேடம்?" என்று, தலையில் அடிபட்டுத் தேறி வந்த ஒருவரின் மனைவி கேட்டார். அடிபட்டவர்களின் மூளைத்திறனைச் சோதிப்பது என் வேலை. "போகலாம்" என்றேன். மூன்று வருடமாகியும் அந்தச் சொல் தொண்டையிலேயே நிற்கிறது.

அடிபட்ட அன்று, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ கோமா அளவு அவருக்கு 6; முழு நினைவு என்றால் 15. அப்படிப்பட்டவர் என் எதிரே உட்கார்ந்து, வேலைகளைத் தானே திட்டமிட்டு மாற்றி மாற்றிச் செய்ய முடிகிறதா என்று பார்க்கும் ஆறு கூறுகள் சோதனையை முழு மதிப்பெண்ணோடு முடித்தார். மூன்று வகை வேலை, ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி, 10 நிமிடத்துக்குள் ஆறையும் தொட்டாக வேண்டும். தொட்டுவிட்டார். அன்றாடத் தடுமாற்றங்களைப் பற்றிய 20 கேள்விப் படிவத்தில் மட்டும் கணவரும் மனைவியும் ஒத்துப்போகவில்லை. தனக்குக் குறையே இல்லை என்று அவர் குறித்திருந்தார். மனைவி பாதிக்கு மேல் 'அடிக்கடி' என்று போட்டிருந்தார். தன் குறை தனக்கே தெரியாமல் போவது இந்தக் காயத்தில் சகஜம். அது தெரிந்தும், களைப்பில் அந்த அம்மா கூட்டிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பாத்திரம் கருகிப் புகை மண்டிய வீட்டுக்குள் அந்த அம்மா நுழைந்திருக்கிறார். கணவர் அடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். "அணைக்கணும்னு தெரியும்" என்றாராம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனில் அந்த அம்மா கோபப்படவில்லை. "நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க, செஞ்சார். நான் பார்த்துக்கிட்டு இருந்தாலும் செய்வார், மேடம்."

அதற்கப்புறம்தான் அந்த 10 நிமிடம் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் எழுதியதும் பென்சிலைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். அடுத்த தாளை எடுப்பார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, விதியை மீறவில்லை. ஆனால் 'போதும், அடுத்தது' என்று அவருடைய மூளையின் முன்பகுதி சொல்ல வேண்டியதை என் தலை சொல்லிக்கொண்டிருந்தது. சாலிஸ், பர்ஜெஸ் என்ற நரம்பு உளவியலாளர்கள் 1991-இலேயே இப்படி மூன்று பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். மேஜைச் சோதனைகள் பலவற்றில் நன்றாகச் செய்தவர்கள், கடைத்தெருவில் சில்லறை வேலைகளைக் கொடுத்ததும் தடுமாறினார்கள். படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான்.

'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் வேலை போயிருக்கும். அதையும் நினைக்காமல் இல்லை.

இப்போதெல்லாம் சோதனையின்போது பின்னால், முகம் தெரியாத இடத்தில் உட்காருகிறேன். போன வாரம் ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டு, நாற்காலியோடு திரும்பி என்னைத் தேடினார். குனிந்தே இருந்தேன். இரண்டு நிமிடம் ஆகியும் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையசைத்துவிட்டேன். குறிப்பில் அதையும் நேரத்தோடு எழுதி வைத்தேன்.